ஆம்புலன்ஸ் வரும்வரையும் வந்த பிறகும்
மனநல அவசர அழைப்புகளில் 108 குழுவின் பாதுகாப்பு, ஆசிரியரின் பங்கு

மோட்டார் கொட்டகையில் ஒருவருக்கு மின்சாரம் தாக்கிவிட்டது. என்ன செய்வாய் என்று வகுப்பில் கேட்டால், நம் மாணவர்கள் தயங்காமல் பதில் சொல்வார்கள்: "முதல்ல மெயின ஆஃப் பண்ணணும் சார். அதுக்கு முன்னாடி அவரைத் தொடக் கூடாது." காப்பாற்றப் போனவரும் பாதிக்கப்பட்டவராக மாறிவிடக் கூடாது என்பது முதலுதவியின் முதல் விதி. அறிவியல் பாடத்தில் அதை ஆண்டுதோறும் நாம் சொல்லித் தருகிறோம்.

108 ஆம்புலன்சில் வரும் பணியாளர்களுக்கும் பயிற்சியில் முதலில் சொல்லப்படுவது இதுதான். நோயாளியைத் தொடுவதற்கு முன் இடம் பாதுகாப்பாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். சாலை விபத்து என்றால் எதிரே வரும் வாகனம், சிந்திய பெட்ரோல், அறுந்த கம்பி ஆகியவற்றைக் கவனிக்கிறார்கள். மனநல அவசர அழைப்பில் இந்த விதியைக் கடைப்பிடிப்பது கடினம். அங்கே ஆபத்து என்று மற்றவர்கள் கருதுபவரே சிகிச்சை தேவைப்படுபவராகவும் இருக்கிறார். அணைப்பதற்கு மெயின் சுவிட்ச் எதுவும் கிடையாது. பெரும்பாலும் அவர் கடும் அச்சத்தில் இருக்கிறார். அந்த அச்சம் குறையக் குறைய அவரும், குடும்பத்தாரும், ஆம்புலன்ஸ் குழுவும் ஒருசேரப் பாதுகாப்படைகிறார்கள்.

இதில் ஆசிரியருக்கு என்ன வேலை என்று கேட்கலாம். கிராமத்தில் 108-க்கு யார் பேசுவது என்ற தயக்கம் வரும்போது, "வாத்தியாரக் கூப்பிடுங்க" என்று சொல்வது இன்றும் இருக்கிறது. பள்ளி வளாகத்தில் நிகழ்ந்தால் அழைக்க வேண்டியவர் ஆசிரியரேதான். குழு வந்து சேர்வதற்கு முன் நாம் சொல்வதும் செய்வதும்தான் அந்த இடத்தின் பாதுகாப்பில் பாதி.

இரண்டு பேர், ஒரு வண்டி

தமிழ்நாட்டில் 108 சேவை 2008 செப்டம்பர் 15 அன்று தொடங்கியது. வழக்கமாக ஒரு வண்டியில் அவசரகால மருத்துவ உதவியாளர் ஒருவரும் ஓட்டுநர் ஒருவரும் இருப்பார்கள். தேவைப்படும்போது, உதவி மையத்தில் உள்ள மருத்துவரிடம் தொலைபேசியில் ஆலோசனை பெற்றுச் செயல்படுவார்கள். தடியோ கைவிலங்கோ அவர்களிடம் இல்லை. "ஆம்புலன்ஸ்காரங்க வந்து பிடிச்சிட்டுப் போயிடுவாங்க" என்று ஊரார் எதிர்பார்ப்பது அவர்களுடைய வேலையைத் தவறாகப் புரிந்துகொள்வதாகும்.

காஞ்சிபுரம் மாவட்டம் உத்திரமேரூர் வட்டத்தில் உள்ள சாலவாக்கத்தை எடுத்துக்கொள்வோம். சுற்றிலும் வயல், ஏரி, கல்குவாரி, லாரிகள் ஓடும் சாலை. ஓர் உள்கிராமத்திலிருந்து அழைப்பு போனால் வண்டி சிறிய தெருக்களுக்குள் நுழைந்து வர வேண்டும். கூடுதல் ஆட்கள் தேவைப்பட்டாலோ, காவல்துறை தேவைப்பட்டாலோ நகரத்தைப் போல உடனே கிடைக்கமாட்டார்கள். அங்கிருந்து உத்திரமேரூர், காஞ்சிபுரம் அல்லது செங்கல்பட்டு மருத்துவமனைவரை அந்த இரண்டு பேர்தான் நோயாளியுடன் பயணம் செய்ய வேண்டும். எனவே கிராமப்புறத்தில் முன்தகவலின் மதிப்பு இன்னும் அதிகம்.

யாரைப் பற்றிப் பேசுகிறோம்?

2015–16-இல் பெங்களூரு நிம்ஹான்ஸ் நிறுவனம் தமிழ்நாடு உட்பட 12 மாநிலங்களில் தேசிய மனநலக் கணக்கெடுப்பை நடத்தியது. வயது வந்தோரில் சுமார் 10.6 விழுக்காட்டினருக்கு அப்போது ஏதேனும் ஒரு மனநலப் பாதிப்பு இருந்தது தெரியவந்தது. 40 மாணவர்கள் உள்ள வகுப்பில் பெற்றோர் 80 பேர் என்று கொண்டால், தோராயமாக எட்டுப் பேர். இவர்களில் மிகப் பெரும்பாலோர் யாரையும் தாக்குபவர்கள் அல்லர். பிறரால் அடிபடவும் ஏமாற்றப்படவும்தான் வாய்ப்பு அதிகம். ஆம்புலன்ஸ் குழு எச்சரிக்கையாக இருப்பதற்குக் காரணம் நோயின் பெயர் அன்று. அந்த நேரத்துச் சூழல்தான். அச்சம், போதை, கையில் கிடைக்கும் பொருள், சுற்றி நிற்கும் கூட்டம் ஆகியவை ஒன்றாகச் சேரும்போதுதான் ஆபத்து கூடுகிறது.

இன்னொன்றையும் ஆசிரியர்கள் நினைவில் வைக்க வேண்டும். திடீரென்று மாறிப்போன நடத்தை எல்லாமே மனநோய் இல்லை. சர்க்கரை நோய்க்கு மருந்து எடுப்பவருக்கு ரத்தத்தில் சர்க்கரை குறைந்தால் உளறலும் முரட்டுத்தனமும் வரலாம். தலையில் அடி, கடும் காய்ச்சல், வலிப்புக்குப் பிந்தைய குழப்பம், தொடர்ந்து குடித்தவர் திடீரென்று நிறுத்திய இரண்டு மூன்று நாள்களில் வரும் நடுக்கமும் பிரமையும், இவை எல்லாமே வெளியே பார்ப்பதற்கு ஒன்றுபோலவே தெரியும். இவற்றில் சில, சில மணி நேரத்திலேயே உயிரைப் பறிக்கக்கூடியவை. அதனால்தான் நோயாளி இடம் கொடுத்தவுடன் குழுவினர் குளுக்கோமீட்டரை எடுக்கிறார்கள். "இது மருத்துவமனைக் கேஸ் இல்ல, வேற எங்கயாச்சும் கூட்டிட்டுப் போங்க" என்று அருகில் இருப்பவர்கள் முடிவு செய்துவிடக் கூடாது.

பாதுகாப்பு தொலைபேசியிலேயே தொடங்குகிறது

இரண்டு அழைப்புகளை ஒப்பிட்டுப் பாருங்கள். இரண்டும் கற்பனை.

"ஹலோ, 108-ஆ? இங்க ஒருத்தருக்குப் பைத்தியம் முத்திப்போச்சு. சீக்கிரம் வாங்க!"

"வணக்கம், நான் பள்ளி ஆசிரியர் பேசுறேன். சுமார் 35 வயசு ஆண். ரெண்டு நாளாத் தூங்கல, சாப்பிடல. யாரோ கொல்ல வர்றாங்கன்னு சொல்லி வீட்டுக்குள்ள உட்கார்ந்திருக்கார். கையில அரிவாள் இருக்கு. இதுவரை யாரையும் தாக்கல. உள்ளே அவர் அம்மா மட்டும் இருக்காங்க. குடிக்கல. மனநல மாத்திரை சாப்பிட்டுக்கிட்டிருந்தார், ஒரு மாசமா நிறுத்திட்டார். தெரு குறுகல், பெரிய வண்டி பிள்ளையார் கோயில் வரைக்கும்தான் வரும். கோயில்கிட்ட ஒருத்தர் டார்ச்சோட நிப்பார்."

முதல் அழைப்பில் இருப்பது ஒரு முடிவு மட்டுமே. இரண்டாவதில் பார்த்தவை இருக்கின்றன. அதைக் கேட்ட குழுவினர் புறப்படும்போதே காவல்துறையை வரச் சொல்லலாம், வண்டியை எங்கே நிறுத்துவது என்று திட்டமிடலாம், மூதாட்டியை முதலில் வெளியே அழைக்க வேண்டும் என்று முடிவு செய்யலாம். சொல்ல வேண்டியவை இவை: இடமும் அடையாளமும், நபரின் வயதும் பாலினமும், கண்ணால் கண்ட நடத்தை, ஆயுதமோ பூச்சிமருந்தோ மண்ணெண்ணெயோ இருக்கிறதா, மதுவோ போதைப்பொருளோ உண்டா, ஏற்கெனவே உள்ள நோயும் மருந்தும், வீட்டுக்குள் யார் யார், அவர் யார் பேச்சைக் கேட்பார், வளர்ப்பு நாய் உண்டா.

ஆயுதம் இருப்பதைச் சொன்னால் வண்டி வராது என்று நினைத்துச் சிலர் மறைத்துவிடுகிறார்கள். அது குழுவினரைத் தெரியாத ஆபத்துக்குள் அனுப்புவதாகும். ஆயுதம் உள்ள இடத்தில் குழு சற்றுத் தொலைவிலேயே வண்டியை நிறுத்தி, காவல்துறை வந்து இடம் பாதுகாப்பானது என்று தெரிந்த பிறகே நெருங்கும். அவர்கள் தெருமுனையில் காத்திருப்பதைப் பார்த்து, "வந்தும் சும்மா நிக்கிறாங்க" என்று ஊரார் கோபப்படும்போது காரணத்தை எடுத்துச் சொல்ல அங்கே ஒருவர் வேண்டும். ஆசிரியர் சொன்னால் ஊர் கேட்கும்.

வாசலில் என்ன நடக்கிறது

நல்ல பயிற்சி பெற்ற குழு வரும் முறையைக் கவனித்தால் பலவற்றுக்கும் காரணம் இருப்பது புரியும்.

வீட்டை நெருங்கும்போது சைரனை நிறுத்திவிடுவார்கள். ஏற்கெனவே குரல்கள் கேட்டு அஞ்சியிருப்பவருக்கு அந்த ஒலி வேதனையைக் கூட்டும். வண்டியைத் திரும்பிப் போகும் திசையில் நிறுத்துவார்கள். அவசரமாகக் கிளம்ப நேர்ந்தால் திருப்பிக்கொண்டிருக்க முடியாது. கழுத்தில் தொங்கும் ஸ்டெதாஸ்கோப்பையும் சட்டைப் பையில் உள்ள கத்தரிக்கோலையும் எடுத்து வைத்துவிடுவார்கள். ஒன்று பிடித்து இழுக்கக்கூடியது, மற்றொன்று பறிக்கக்கூடியது.

உள்ளே நுழைந்தவுடன் கண்கள் கைகளைப் பார்க்கும்; நோயாளியின் கைகளில் என்ன இருக்கிறது, எட்டும் தூரத்தில் என்ன இருக்கிறது என்று. நம் வீடுகளில் அரிவாள்மணை, கதிர் அரிவாள், உலக்கை, கடப்பாரை, கொதிக்கும் உலை எல்லாம் அன்றாடப் பொருள்கள். அதனால் பேசும் இடம் சமையற்கட்டாகவோ கருவிகள் வைத்திருக்கும் தாழ்வாரமாகவோ இல்லாமல் பார்த்துக்கொள்வார்கள். குடும்பத்தார் முன்கூட்டியே இவற்றை ஓசைப்படாமல் அப்புறப்படுத்தியிருந்தால் பெரிய உதவி. ஆனால் நோயாளியின் கையில் இருப்பதைப் பிடுங்க யாரும் முயலக் கூடாது.

இரண்டு கை நீளத்துக்கும் கூடுதலான இடைவெளி விட்டு, நேருக்கு நேராக இல்லாமல் சற்றுப் பக்கவாட்டில் நிற்பார்கள். தங்களுக்கு வெளியேறும் வழி பின்னால் இருக்க வேண்டும். அதே சமயம் நோயாளியின் வழியையும் அடைத்துவிடக் கூடாது. மூலையில் தள்ளப்பட்டவர்தான் பாய்வார். ஒருவர் மட்டும் பேசுவார். மற்றவர் சுற்றுப்புறத்தைக் கவனிப்பார். ஐந்து பேர் ஒரே நேரத்தில் "அமைதியா இரு" என்று கத்தினால் யாருக்கும் அமைதி வராது.

கூட்டத்தை விலக்குவதும் செல்பேசியில் படம் எடுப்பதைத் தடுப்பதும் ஊரில் உள்ளவர்கள் செய்ய வேண்டிய வேலை. வேடிக்கை பார்ப்பவர்கள் ஒவ்வொருவரும் அந்த மனிதரின் கண்ணில் ஓர் எதிரியாகத் தெரியலாம்.

பேச்சே முதல் மருந்து

"அண்ணே, என் பேரைச் சொல்றேன். ஆம்புலன்ஸ்ல இருந்து வர்றேன். உங்கள ஒண்ணும் பண்ண வரல. நான் இங்கயே தள்ளி நிக்கிறேன். தண்ணி குடிக்கிறீங்களா?" இப்படித் தொடங்கும் பேச்சில் உறவுச்சொல் இருக்கிறது, தான் யார் என்பது இருக்கிறது, எவ்வளவு தூரத்தில் நிற்கப்போகிறோம் என்ற உறுதி இருக்கிறது, அவர் தேர்ந்தெடுக்க ஒரு சின்ன வாய்ப்பும் இருக்கிறது.

இல்லாத குரல் கேட்கிறது என்பவரிடம் "அப்படியெல்லாம் ஒண்ணும் இல்ல" என்று வாதிடுவதும் பயனில்லை, "ஆமா, எனக்கும் கேக்குது" என்று ஒத்துப்பாடுவதும் சரியில்லை. "எனக்குக் கேக்கல. ஆனா உங்களுக்கு அது எவ்வளவு பயமா இருக்குன்னு புரியுது" என்பது உண்மையும் ஆகும், துணையும் ஆகும். குரல் தாழ்ந்திருக்க வேண்டும். வாக்கியம் சிறியதாக இருக்க வேண்டும். பதிலுக்குக் காத்திருக்க வேண்டும்.

பொய் சொல்லி அழைத்துப் போவது நம் வீடுகளில் வழக்கம். "கோயிலுக்குப் போறோம்", "ஊசி போட மாட்டாங்க" என்கிறோம். மருத்துவமனை வாசலில் அந்தப் பொய் உடைகிறது. அடுத்த முறை ஆம்புலன்சைக் கண்டதுமே அவர் எதிர்ப்பார். அடுத்த குழுவுக்கு ஆபத்து கூடும். "மருத்துவமனைக்குத்தான் போறோம். டாக்டர் பாப்பார். நானும் கூட வர்றேன்" என்று நேராகச் சொல்வதற்குக் கூடுதலாகப் பத்து நிமிடம் ஆனாலும், அது வீணான நேரமில்லை.

கட்டிவைப்பது பாதுகாப்பு ஆகுமா?

2001 ஆகஸ்ட் 6 அன்று ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் ஒரு தனியார் மனநலக் காப்பகக் கொட்டகை தீப்பிடித்தது. சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்தவர்கள் தப்ப முடியாமல் 28 பேர் இறந்தனர். கட்டிவைத்தால் பாதுகாப்பு என்ற எண்ணத்துக்குத் தமிழ்நாடு கொடுத்த விலை அது.

2018 மே மாதம் நடைமுறைக்கு வந்த மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017, எந்த வடிவிலும் சங்கிலியிடுவதைத் தடை செய்கிறது. உடனடித் தீங்கைத் தடுக்க வேறு வழியே இல்லாதபோது மட்டும், மனநல மருத்துவரின் அனுமதியுடனும் கண்காணிப்புடனும், தேவையான நேரத்துக்கு மட்டுமே உடல்கட்டுப்பாடு செய்யலாம்; தண்டனையாகச் செய்யவே கூடாது. அவசர நிலையில் பதிவு பெற்ற எந்த மருத்துவரும் சிகிச்சை தொடங்கலாம், நோயாளியை அருகிலுள்ள மனநல மையத்துக்கு அனுப்பலாம். இந்த அவசர சிகிச்சைக்கு 72 மணி நேர வரம்பு உண்டு. மனநோயால் தனக்கோ பிறருக்கோ ஆபத்தாக இருக்கிறார் என்று கருதப்படுபவரைப் பாதுகாப்பில் எடுத்து, 24 மணி நேரத்துக்குள் அரசு மருத்துவமனைக்குக் கொண்டுசெல்வது காவல் நிலையப் பொறுப்பு அலுவலரின் கடமை. லாக்கப்பில் அடைக்கக் கூடாது. தற்கொலைக்கு முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தார் என்றே சட்டம் கொள்கிறது. எனவே தண்டனைக்கு அஞ்சி விவரங்களை மறைக்க வேண்டியதில்லை.

உடலியல் காரணமும் உண்டு. போராடிக்கொண்டிருப்பவரைக் குப்புறப் படுக்க வைத்து முதுகில் அமர்ந்து அழுத்தினால் அவரால் மூச்சை இழுக்க முடியாது. சத்தம் அடங்கியதும் "அமைதியாயிட்டார்" என்று சுற்றி இருப்பவர்கள் நினைப்பார்கள், மூச்சு நின்றிருக்கலாம். யாரேனும் பிடிக்கவே வேண்டிய நிலை வந்தாலும் குப்புறத் தள்ளக் கூடாது, கழுத்திலும் மார்பிலும் எடை கொடுக்கக் கூடாது, முகத்தை மூடக் கூடாது. அடங்கியதும் ஒருக்களித்துப் படுக்க வைத்து மூச்சைப் பார்க்க வேண்டும்.

பூச்சிமருந்து உள்ள இடம்

வேளாண் பகுதிகளில் தற்கொலை முயற்சி என்றாலே பூச்சிமருந்தை நினைக்க வேண்டியிருக்கிறது. இது குழுவினருக்கும் நேரடி ஆபத்து. சில வகை மருந்துகள் தோல் வழியாகவும் உடலுக்குள் போகும். எனவே கையுறை அணிந்து, நனைந்த உடையை அகற்றி, வண்டியின் ஜன்னலைத் திறந்து வைத்துப் பயணம் செய்வார்கள். நாம் செய்ய வேண்டியது: வாந்தி எடுக்க வைக்க முயலாமல் இருப்பது, வெறுங்கையால் வாந்தியையும் நனைந்த துணியையும் தொடாமல் இருப்பது, மருந்துக் குப்பியைப் பையில் போட்டுக் குழுவிடம் கொடுப்பது. எந்த மருந்து என்று தெரிவது சிகிச்சையின் வேகத்தைக் கூட்டும்.

வண்டிக்குள்

நகரும் வண்டியின் பின்பகுதி மிகச் சிறிய அறை. ஆக்சிஜன் சிலிண்டர், கருவிகள், ஊசிகள் எல்லாம் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும். ஏற்றுவதற்கு முன், அனுமதி கேட்டு, பையில் கூர்மையான பொருள் இருக்கிறதா என்று பார்ப்பார்கள். நோயாளி நம்பும் உறவினர் ஒருவர் உடன் வருவார். பெண் நோயாளி என்றால் ஒரு பெண் துணை கட்டாயம் வேண்டும். நோயாளியோடு சண்டையிட்டுக்கொண்டிருந்தவர் ஏறக் கூடாது. யார் ஏற வேண்டும் என்பதைக் குழு முடிவு செய்யட்டும். குடும்பத்தை அறிந்த ஆசிரியர் அதற்குத் தகவல் தரலாம்.

மனநல அழைப்புகளுக்கென்றே தனி வண்டி வைத்திருக்கும் இடங்களும் உலகில் உண்டு. சுவீடன் தலைநகர் ஸ்டாக்ஹோமில் 2015-இல் மனநலச் செவிலியர் இருவரும் ஓட்டுநர் ஒருவரும் செல்லும் ஆம்புலன்ஸ் தொடங்கப்பட்டது. உள்ளே ஸ்ட்ரெச்சருக்குப் பதில் உட்கார்ந்து பேச வசதியான இருக்கைகள். நம்மிடம் அத்தகைய தனி வண்டி இல்லாவிட்டாலும் அதன் அடிப்படையான பொறுமையான பேச்சுக்குச் செலவு எதுவும் இல்லை.

பள்ளிக்குள் நேர்ந்தால்

ஒரு மாணவர் கட்டுப்படுத்த முடியாத பதற்றத்திலோ, தன்னைக் காயப்படுத்திக்கொள்ளும் நிலையிலோ இருந்தால் அவரை இழுத்துச் செல்வதைவிட மற்ற மாணவர்களை வெளியே அழைத்துச் செல்வது எளிது, பாதுகாப்பானது. அவருக்குப் பிடித்த ஆசிரியர் ஒருவர், கதவைத் திறந்து வைத்து, தள்ளி அமர்ந்து உடனிருக்க வேண்டும். இன்னொருவர் வெளியே, கூப்பிட்டால் கேட்கும் தூரத்தில் இருக்க வேண்டும். தனியே விட்டுவிடக் கூடாது. அறையில் பூட்டவும் கூடாது. காம்பஸ், பிளேடு, ஆய்வகப் பொருள்களை அப்புறப்படுத்தலாம். தலைமையாசிரியர் 108-க்கும் பெற்றோருக்கும் பேச, மற்றொரு பெரியவர் பள்ளி வாயிலில் நின்று வண்டிக்கு வழிகாட்ட வேண்டும். இந்த வேலைகளுக்கு மாணவர்களை அனுப்ப வேண்டாம். ஆம்புலன்ஸ் பள்ளி மணி அடிக்கும் நேரத்தில் வந்தால், வகுப்புகளை ஐந்து நிமிடம் தாமதமாக விடுவதே போதும். நூறு கண்கள் பார்ப்பதைத் தவிர்க்கலாம்.

வகுப்பறையில் ஒரு பயிற்சி

மேலே கண்ட இரண்டு தொலைபேசி அழைப்புகளை எட்டாம் வகுப்புக்கு மேல் தமிழ்ப் பாடத்திலேயே பயிற்சியாக்கலாம். "அவர் கோபக்காரர்", "அவளுக்குத் திமிர்", "அவனுக்குப் பைத்தியம்" என்பன முடிவுகள். கண்ணால் பார்த்ததும் காதால் கேட்டதும் எவை என்று மாணவர்கள் எழுத வேண்டும். இளஞ்செஞ்சிலுவைச் சங்கம், நாட்டு நலப்பணித் திட்ட மாணவர்கள் இதை நாடகமாகவும் நடித்துப் பார்க்கலாம். விவரிப்புத் திறன் வளரும்; ஒரு நாள் உண்மையான அழைப்பில் அது பயன்படும்.

சாலவாக்கம் இருக்கும் இதே மாவட்டத்தில், பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடும் திருமுக்கூடலில், 11-ஆம் நூற்றாண்டுச் சோழ மன்னர் வீரராசேந்திரனின் கல்வெட்டு இருக்கிறது. கல்விச்சாலை, மாணவர் விடுதி, 15 படுக்கைகள் கொண்ட ஆதுலர் சாலை மூன்றுக்கும் செய்த ஏற்பாட்டை அது ஒன்றாகவே சொல்கிறது. பள்ளியும் மருத்துவமும் கைகோத்து நிற்பது இந்த மண்ணுக்குப் பழக்கமானதுதான்.

ஆம்புலன்ஸ் போன பிறகு ஆசிரியருக்கு ஒரு வேலை மிச்சமிருக்கிறது. அந்த வீட்டுப் பிள்ளை மறுநாள் பள்ளிக்கு வரும். "உங்கப்பாவக் கட்டிப்போட்டாங்களாமே" என்று பக்கத்துப் பெஞ்சில் கேட்கும் குரல் அந்தப் பிள்ளையைப் பள்ளியிலிருந்தே விரட்டிவிடலாம். காலையிலேயே தனியே அழைத்து, "அப்பா மருத்துவமனையில இருக்காரு, பாத்துக்கிறாங்க. ஏதாவது வேணும்னா என்கிட்ட வா" என்று சொல்லிவிடுங்கள். குணமாகித் திரும்பும் தந்தை ஊராரின் மரியாதையோடு மருந்தைத் தொடர்ந்தால், அடுத்த அவசர அழைப்புக்கான தேவையே குறையும்.

பள்ளி அறிவிப்புப் பலகையில் எழுதிவைக்க: அவசர ஆம்புலன்ஸ் 108, மருத்துவ ஆலோசனை 104, மனநல ஆலோசனைக்கு, 2022 அக்டோபர் 10 முதல் இயங்கும் டெலி மானஸ் 14416, குழந்தைகள் உதவி 1098, காவல்துறை 100 அல்லது 112, கல்வி வழிகாட்டி உதவி 14417. எண்களுக்குக் கீழே பள்ளியின் முழு முகவரியையும், பெரிய வண்டி நுழையக்கூடிய வாயில் எது என்பதையும் எழுதுங்கள். பதற்றத்தில் இருப்பவருக்குத் தன் பள்ளியின் முகவரிகூட மறந்துபோகும்.